பத்மநாபபுரம் கோர்ட் பிறந்த கதை

சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் விசாரணை இப்படி நடந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கைவிட்டு, உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். கையைக் கட்டி வைப்பார்கள். சில நாள் கழித்து அவிழ்க்கும்போது புண் இருந்தால் குற்றவாளி. கைமுக்கு என்பார்கள். இதற்கு அப்பீல் கிடையாது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் ஒழிந்தது.

மற்றவர்களின் வழக்குகள் வலிய காரியக்காரர் என்ற அதிகாரியின் கையில் இருந்தன. வரி தண்டுகிறவரும் அவரே. தண்டல்காரரிடமே போய் நியாயம் கேட்பதென்றால் என்ன கிடைத்திருக்கும்!

பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திருவிதாங்கூர் திவானாகவும் ஒருசேர இருந்த கர்னல் மன்றோ 1811-ல் வரி தண்டுவதையும் நியாயம் சொல்வதையும் பிரித்தார். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா என ஐந்து ஜில்லா கோர்ட்டுகள். ஒவ்வொன்றிலும் நாயரோ கிறிஸ்தவரோ இரண்டு நீதிபதிகள், கூடவே ஒரு பிராமண சாஸ்திரி. 1818-ல் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மீட் நீதிபதி ஆனார். அவரை அனுப்பிய லண்டன் மிஷனுக்கு இது பிடிக்கவில்லை, சீக்கிரமே விலகினார்.

நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அன்றைய சாதிக்கட்டு. கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணிந்தார்கள். மேல்சாதியினர் சந்தையிலும் தெருவிலும் மறித்து அதைக் கிழித்தார்கள். விவகாரம் பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போய், 1823-ல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. கட்டடமும் நீதிபதிகளும் 1811-லேயே வந்திருக்கலாம். கோர்ட் பிறந்தது இந்தத் தீர்ப்பில்தான் என்பேன்.

ஆனால் அரண்மனை அதற்கும் மேலே இருந்தது. 1829-ல் வந்த அரச விளம்பரம் குப்பாயத்தை விட்டுவைத்து, மேல்துணி போடுவதைத் தடுத்தது. கலவரங்களுக்குப் பிறகு 1859 ஜூலை 26-ல் இன்னொரு விளம்பரம் எல்லா நாடார் பெண்களுக்கும் மேலாடையை அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை அதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

1887-ல் திருவிதாங்கூர் உயர் நீதிமன்றம் வந்தது. மாமன் சொத்து சகோதரி மக்களுக்குப் போகும் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிச் சொத்துச் சண்டைகளில் வழக்கம் எது என்று கோர்ட் கேட்கும். ஒப்புக்கொண்டால் வழக்கமே சட்டம். கவிமணி கேலி செய்து பாடிய அந்த முறையை மாற்ற 1926-ன் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வேண்டியிருந்தது. கோர்ட் தானாக அதைச் செய்திருக்க முடியாது.

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, அதுவரை கேரளப் பக்கம் போன அப்பீல்காரர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். 2004 ஜூலை 24-ல் உயர் நீதிமன்றத்தின் கிளை திறந்ததிலிருந்து மதுரையோடு பயணம் முடிந்துவிடுகிறது.