கன்னட மேடைக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்த கைலாசம்

நவீன கன்னட நாடகத்தின் முன்னோடி என்று கன்னடியர் கொண்டாடும் டி.பி. கைலாசம் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது வெளியூர் அன்பர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். தந்தை பரமசிவ ஐயர் மைசூர் சமஸ்தானத்தில் நீதிபதி. மகனோ சென்னையிலும் லண்டனிலும் நிலவியல் படித்து, சமஸ்தானத்தின் நிலவியல் துறையில் உத்தியோகம் பார்த்தார். ஆனால் மனம் நாடகத்தில்தான் இருந்தது. சில ஆண்டுகளில் வேலையை ராஜினாமா செய்துவிட்டார்.

அக்காலத்தில் கன்னட நாட்டில் நாடகம் என்றாலே ஊர் ஊராகச் செல்லும் கம்பெனி நாடகந்தான். 1884-ல் தும்கூர் அருகே குப்பி என்ற ஊரில் தோன்றிய கம்பெனி இவற்றுள் பெயர் பெற்றது. பின்னாளில் வீரண்ணா அதை நடத்தியபோது 'குருக்ஷேத்ர' நாடகத்துக்காக யானை, குதிரைகளையே மேடையேற்றினார். புராணக் கதை, பாட்டு, பகட்டான திரைச்சீலை இவற்றுக்காகவே ஜனங்கள் திரண்டனர். அன்றாடக் குடும்பத்துக்கு அந்த மேடையில் அதிக இடமில்லை.

அந்த இடத்தைத்தான் கைலாசம் நிரப்பினார். 1918-ல் அவர் எழுதிய 'டொள்ளு கட்டி' என்பதற்குப் 'பொள்ளலும் கெட்டியும்' என்று பொருள் கொள்ளலாம். அண்ணன் பரீட்சையில் கெட்டிக்காரன். தம்பி படிப்பில் மந்தம். வீட்டுக்கு ஆபத்து வரும்போது உதவுகிறவன் தம்பிதான். மார்க்கை வைத்தே பிள்ளைகளை எடைபோடும் நமக்கு இது இன்றும் உறைக்கும். 'தாளி கட்டோக்கே கூலீனே' (தாலி கட்டக் கூலியா?) வரதட்சிணையைச் சாடியது. 'நம் பிராம்மணிகே' என்று நம்மவரையே தலைப்பில் நிறுத்தினார். 'நம் கம்ப்னி'யில் நாடகக் கம்பெனிகளும் அவர் கேலிக்குத் தப்பவில்லை.

பாத்திரங்கள் பேசியது பெங்களூர், மைசூர் வீடுகளில் புழங்கிய, ஆங்கிலம் கலந்த கன்னடம். இது சபையோருக்குத் தங்கள் வீட்டுப் பேச்சாகவே கேட்டது. புராணக் கதைகளுக்கோ அவர் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார். ஏகலைவன், கர்ணன் பற்றிய நாடகங்கள் அவ்வகை.

இந்நாடகங்களுக்குப் பெரிய கொட்டகையோ மூட்டை மூட்டையாகச் சாமான்களோ தேவையில்லை. ஒரு கூடம், நாலைந்து பேர் போதும். ஆகவே 1909-ல் பெங்களூரில் தொடங்கிய அமெச்சூர் நாடக சங்கத்தைப் போன்ற குழுக்களும் கல்லூரி மாணவர்களும் எளிதில் நடிக்க முடிந்தது. ஊர் சுற்றக் கம்பெனி இல்லாமலே அவருடைய நாடகங்கள் ஊர் ஊராகப் போயின.

1945-ல் கன்னட சாகித்ய சம்மேளனத்துக்கு அவர் தலைமை தாங்கினார். அது கூடிய இடம் சென்னை! தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையைக் கன்னட இலக்கிய உலகம் தமிழர் தலைநகரிலேயே தலைவராக அமர்த்தியது. மறு ஆண்டு, 1946-ல், கைலாசம் காலமானார்.

பிறந்த குலத்தைக் கேலி செய்தவர் என்று அவரை ஒதுக்க வேண்டியதில்லை. நம் குறைகளை உள்ளிருந்து கண்டு, புண்படாமல் சிரிக்க வைத்தவர் அவர். நம் கிளைகளின் ஆண்டு விழாக்களில் அவருடைய ஒரு நாடகத்தையாவது தமிழாக்கி, நம் குழந்தைகளை நடிக்கச் செய்யலாமே!