விளம்பர நிரல் (லினக்ஸ் கணினிகளில்)

உலாவியில் கேட்காமலே விளம்பரச் சாளரங்களைத் திறக்கும் நிரல் விளம்பர நிரல் எனப்படும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம், விண்டோஸுடன் சேர்ந்தே மாணவர்களின் கைக்கு வந்தது.

விண்டோஸுக்கான விளம்பர நிரல்கள் பொதுவாக லினக்ஸில் இயங்குவதில்லை. ஆனால் உலாவி எல்லா இயங்குதளங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இயங்குகிறது. தொல்லை அதன் வழியாகவே நுழைகிறது. சம்பா பயிர்க்காப்பீட்டையோ சிட்டா நகலையோ தேடுபவர் போலித்தளம் ஒன்றில் அறிவிப்புகளுக்கான ‘அனுமதி’ என்பதை அழுத்திவிட்டால் போதும், அத்தளத்தை மூடிய பின்னும் திரையின் மூலையில் ‘வைரஸ் தாக்கியுள்ளது’ என்ற பொய் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். உலாவியில் சேர்க்கப்படும் தேவையற்ற நீட்சிகளும் (extensions) இதே வேலையைச் செய்யும்.

உலாவியை நீக்கி மறுபடி நிறுவுவது பெரும்பாலும் பயன் தராது. பயர்பாக்ஸ் உலாவியின் அமைப்புகளும் நீட்சிகளும் பயனரின் முகப்பு அடைவிலுள்ள மறைகோப்புறையில் அப்படியே தங்கிவிடும். அமைப்புகளில் ‘அறிவிப்புகள்’ பகுதிக்குச் சென்று அறிமுகமில்லாத தளங்களின் அனுமதியை நீக்குவதே முதல் வேலை. அடுத்து, நாம் நிறுவாத நீட்சிகளை அகற்றி, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் சரிபார்க்க வேண்டும். அப்போதும் தீராவிட்டால் பயர்பாக்ஸைப் ‘புதுப்பிக்கும்’ வசதி உண்டு. அது நீட்சிகளை நீக்கும், புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் காக்கும்.

வீட்டிலுள்ள கைபேசிகளிலும் அதே விளம்பரங்கள் தோன்றினால், இணையத் திசைவியில் (router) தளப்பெயர்களைத் தேடித்தரும் டிஎன்எஸ் வழங்கியின் முகவரி மாற்றப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். யூபிளாக் ஆரிஜின் போன்ற திறமூல விளம்பரத் தடுப்பான்கள் பயர்பாக்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன.