இரு சாய்கோடுகள்

சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955இல் தோன்றியது. சிராங்கூன் சாலைக் கடைச் சிப்பந்தி முதல் துறைமுகத் தொழிலாளி வரை, அத்தனை பேர் கணக்கையும் கையால் எழுதி மாளுமா? 1960களிலேயே அக்கழகம் கணினியை நாடிற்று.

ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த 360 வரிசைப் பெருங்கணினிகளோடு பணிக் கட்டுப்பாட்டு மொழி வளர்ந்தது. எண்பது பத்தித் துளையட்டையில் இரு சாய்கோடுகளுடன் தொடங்கும் அம்மொழியில், 'ஜாப்' பணிக்குப் பெயரிடும். 'எக்செக்' நிரலை ஏவும். 'டிடி' கோப்பைச் சுட்டும். கட்டளை நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்தால், பின்வருவன வெறுங்குறிப்பாகிவிடும்; நிரல் செம்மையாயினும் பணி கெடும்.

1981இல் தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அரசுத் துறைகளும் கணினிமயமாயின. இயந்திரத்தைப் போற்றும் நாம், இரவெல்லாம் கண்விழித்து அட்டைகளைச் சரிபார்த்த பெயரறியா ஊழியரையும் நினைத்தல் கடனன்றோ!