தல்லி ராஜ்ஹராவின் சிவப்பும் பச்சையும்

மார்க்சியத்துக்குத் தொழிலாளியின் கூலி தெரியும், காடும் ஆறும் தெரியாது என்று சொல்பவர்கள் சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹரா இரும்புச் சுரங்கங்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும். பிலாய் உருக்காலைக்குத் தாது அனுப்பிய அந்தச் சுரங்கங்களில் 1970களில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகள். ஆண்கள் கடப்பாறையால் பாறையைப் பெயர்த்து உடைப்பார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் லாரியில் கொட்டுவார்கள். நிரந்தரத் தொழிலாளருக்குக் கிடைத்த போனஸில் சிறு பங்குதான் இவர்களுக்கு. 1977இல் இவர்கள் பழைய சங்கங்களை உதறிவிட்டுத் தனிச் சங்கம் கண்டார்கள். தொழிற்சங்கப் போராளி சங்கர் குஹா நியோகியைத் தலைமைக்கு அழைத்தார்கள். அவ்வாண்டு ஜூன் 2, 3 தேதிகளில் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் 11 பேர் மாண்டார்கள்.

கூலி உயர்ந்தது. உயர்ந்த கூலி சாராயக்கடைக்குப் போவதைக் கண்ட சங்கம், குடிக்கு எதிராக இறங்கியது. சங்கத்தின் துணைத்தலைவி பிரசவத்தில் உரிய கவனிப்பின்றி இறந்த பிறகு, தொழிலாளர்கள் தங்கள் காசிலும் உழைப்பிலும் மருத்துவமனை கட்டினார்கள். 1983இல் திறந்த அதற்கு, துப்பாக்கிச்சூட்டில் மாண்டவர்களின் நினைவாக ஷஹீத் மருத்துவமனை என்று பெயர். போராட்டத்துக்காக நிர்மாணம், நிர்மாணத்துக்காகப் போராட்டம் என்பது நியோகியின் கொள்கை. சங்கக் கொடியில் சிவப்பு தொழிலாளருக்கு, பச்சை உழவருக்கு. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஆதிவாசிகள், உழவர்கள். நீரும் காடும் கெட்டால் கெடுவது அவர்கள் வீட்டு அடுப்பு. அதனால்தான் காட்டை அறிவோம் என்ற இயக்கத்தை ஒரு சுரங்கச் சங்கமே நடத்த முடிந்தது.

சுரங்கத்தை இயந்திரமயமாக்கும் திட்டத்தையும் சங்கம் எதிர்த்தது. சுரங்கத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இயந்திரத்தை எதிர்த்தது பிற்போக்கு என்பார்கள். அவர்கள் இயந்திரத்தை முழுவதுமாக மறுக்கவில்லை. எந்த வேலை மனிதர் கையில் இருக்க வேண்டும், எதற்கு இயந்திரம் வரலாம் என்று கணக்குப் போட்டுப் பாதி இயந்திரமயத் திட்டத்தை முன்வைத்தார்கள். முழு இயந்திரமயத்தில் முதலில் வேலை இழப்பவர்கள் கூடை சுமக்கும் பெண்கள்தான். உற்பத்திக் கருவி யாருக்காக என்ற மார்க்சின் கேள்வியை இதைவிட நேராக யாரும் கேட்டதில்லை என்பேன்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: எல்லாம் ஒரு மனிதரைச் சுற்றியே நடந்தது. பிலாயில் ஒப்பந்தத் தொழிலாளரைத் திரட்டிக்கொண்டிருந்த நியோகி, 1991 செப்டம்பர் 28 அதிகாலை, தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் இயக்கம் பிளவுபட்டது உண்மைதான். ஆனால் மருத்துவமனை அவரோடு முடியவில்லை. அதைக் கட்டியவர்களும் நடத்தியவர்களும் தொழிலாளர்கள் என்பதால், தலைவர் போன பின்பும் நோயாளிகள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள்.