நைட்ரஜனைக் கேட்டால் புரதம் என்று சொல்லும் சோதனை

மெலமைன் தட்டு ஞாபகம் இருக்கா? எண்பதுகளில் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் வந்தது. பூப்போட்டு, பளபளன்னு, கீழே போட்டாலும் உடையாமல். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும். அந்தத் தட்டு செய்கிற மூலப்பொருளான வெள்ளைப் பொடியைத்தான் 2008-ல் சீனாவில் பால் பவுடர் வழியாகக் கைக்குழந்தைகள் குடித்தார்கள். கிட்டத்தட்ட மூன்று லட்சம் குழந்தைகளுக்குப் பாதிப்பு, ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில், ஆறு குழந்தைகள் இறந்தன என்பது அந்த நாட்டு அரசே கொடுத்த கணக்கு.

செய்தி எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அப்போதிலிருந்தே ஒரு கேள்வி. பாலில் தண்ணி ஊத்துறது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். மாவு கலப்பான், சர்க்கரை கலப்பான். ஆனா பிளாஸ்டிக் செய்கிற பொடியை ஒருத்தன் ஏன் தேடிப்போய்க் கலக்கணும்? யாருக்குத் தோன்றும் இது?

பதிலைத் தேடிப் போனால் அது கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியில் கொண்டுபோய் விடுகிறது.

கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியை நடத்திய ஜேக்கப்சன் 1875-ல் ஒரு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். இங்கே கண்டுபிடிக்கிற முக்கியமான எதையும் ரகசியமாக வைக்கக் கூடாது என்று விதியே எழுதி வைத்த மனுஷன். (போட்டிக் கம்பெனிக்காரனும் படிச்சுக்கலாம். இந்தக் காலத்தில் நினைச்சுப் பார்க்க முடியுமா!) பிஎச் அளவுகோல் 1909-ல் பிறந்ததும் இதே இடத்தில்தான். அங்கே வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜோஹான் கெல்டால். பிஎஸ்ஸி கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இந்தப் பேரைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள், தெரியும் :-)

அவருக்கு இருந்த பிரச்சினை பார்லி. பார்லியில் புரதம் அதிகமானால் பீர் கலங்கும். அதனால் மூட்டைக்கு மூட்டை எவ்வளவு புரதம் என்று தெரியணும். புரதத்தை நேராக அளக்க அன்றைக்கு வழி இல்லை. ஆனால் புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இல்லை. அப்ப நைட்ரஜனை அளந்தால் போச்சு. அதற்கும் 1831-லேயே டூமா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார். பொருளை எரித்து வருகிற வாயுவைப் பிடித்து அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பார்ப்பதற்குள் ஆளை ஓய்த்துவிடும் வேலை அது.

கெல்டால் 1883-ல் வெளியிட்ட வழி ரொம்ப எளிமை. பொருளை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க விடு. மற்றதெல்லாம் சிதைந்து ஆவியாகப் போய்விடும், நைட்ரஜன் மட்டும் அம்மோனியம் சல்பேட்டாகக் கீழே நிற்கும். காஸ்டிக் சோடா ஊற்றினால் அது அம்மோனியாவாகக் கிளம்பும். அதை ஆவியோடு வடித்து அமிலத்தில் பிடி. அமிலம் எவ்வளவு செலவானது என்று பியூரெட்டில் பார். அவ்வளவுதான். ஒரே அடுப்பு வரிசையில் பத்து குடுவை வைத்து ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம். சில வருஷத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இன்றும் மாட்டுத் தீவனத்திலிருந்து பிஸ்கட் வரைக்கும் புரதம் பார்க்க இதுதான், இல்லையென்றால் டூமாவின் வழியை மெஷினில் அடக்கிய புது வடிவம்.

கடைசிப் படியில் ஒரு பெருக்கல் இருக்கிறது. விஷயமே அங்கேதான். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். நூறைப் பதினாறால் வகுத்தால் 6.25. கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். கோதுமைக்கு 5.7, பாலுக்கு 6.38 என்று பிற்பாடு சீர்செய்தார்கள். இந்தப் பெருக்கலுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: இந்தப் பொருளில் இருக்கிற நைட்ரஜன் அத்தனையும் புரதத்திலிருந்து வந்தது என்ற நம்பிக்கை.

கெல்டாலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் கேள்வி கேட்டது பார்லியிடம். அவரை ஏமாற்றுவதில் பார்லிக்கு ஒரு லாபமும் கிடையாது. அதே கேள்வியைப் பால் விற்பவனிடம் கேட்டு, பதிலைப் பொறுத்துத்தான் காசு என்று வைக்கும்போது கதை மாறிப்போகிறது. சோதனை அதேதான், எதிரே நிற்கிற ஆள் வேற.

இப்ப கணக்கைப் பாருங்க. மெலமைன் மூலக்கூறில் மூணு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஆறு நைட்ரஜன். எடையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.6 சதவீதம், நைட்ரஜன். புரதத்தைப் போல நாலு மடங்கு. ஒரு கிராம் மெலமைனைப் பாலில் போட்டால், கெல்டால் குடுவை அதை 4.25 கிராம் பால் புரதம் என்று சொல்லும். தண்ணி ஊத்தின ஒரு லிட்டர் பாலில் ஒரு சதவீதப் புரதத்தைக் கூட்டிக் காட்ட இரண்டரை கிராம்கூட வேண்டாம். நிறம் வெள்ளை, பெரிதாக வாசனையும் கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு மூணு கிராம் அளவுக்குத்தான் கரையும், ஆனா அது போதுமே! மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோடு கலந்து, 'புரதப் பொடி' என்று பேர் வைத்து டன் கணக்கில் விற்றிருக்கிறார்கள். முதலில் யோசித்தவன் யாரோ, கெல்டாலைச் சரியாகப் படித்தவன்.

இதற்கு முன்னாலேயே மணி அடித்தது. மார்ச் 2007-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு சாக ஆரம்பித்தன. மெனு ஃபுட்ஸ் என்ற கம்பெனி தன் தீவனத்தைத் திரும்பப் பெற்றது. எலி பாஷாணமாக இருக்குமோ என்று முதலில் நியூயார்க் மாநில ஆய்வுக்கூடம் அமினோப்டெரின் பேரைச் சொன்னது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 30-ல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மெலமைன் என்று அறிவித்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் இருந்தது.

ஆனால் மெலமைன் தனியாக அவ்வளவு விஷம் இல்லையே? எலிகளுக்கு நிறையக் கொடுத்துப் பார்த்த பழைய ஆராய்ச்சிகள் இருந்தன. விடை அதன் கூட்டாளியில் இருந்தது. தீவனத்தில் சயனூரிக் அமிலமும் இருந்தது. அதுவும் தனியே பெரிய கெடுதல் பண்ணாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பூனையின் சிறுநீரில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். படிகங்கள் உருவாயின. அந்தப் படிகம்தான் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்திருக்கிறது.

குழந்தைகளுக்கு அந்தக் கூட்டாளிகூடத் தேவைப்படவில்லை. கைக்குழந்தைகளின் சிறுநீரில் யூரிக் அமிலம் இயல்பாகவே அதிகம். மெலமைன் அதோடு சேர்ந்து கல்லானது. பெரியவர்கள் ஒரு டம்ளர் பால் குடிப்போம், கூடவே சோறு, குழம்பு, காய். புட்டிப்பால் குழந்தைக்கு மூணு வேளையும் ராத்திரியும் அதே டப்பாதான். உடம்போ ஐந்தாறு கிலோ.

சான்லு என்ற பெரிய பால் கம்பெனிக்கு 2007 டிசம்பரிலிருந்தே புகார்கள் வந்துகொண்டிருந்தன. அதில் 43 சதவீதப் பங்கு வைத்திருந்த நியூசிலாந்தின் ஃபான்டெராவுக்கு 2008 ஆகஸ்ட் 2-ல் விஷயம் தெரிந்தது. ஆகஸ்ட் 8-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். ஊருக்கு அறிவித்தது செப்டம்பர் 11. அந்த நாற்பது நாளில் எத்தனை புட்டி கலந்திருப்பார்கள் என்று யோசித்தால் தூக்கம் வராது. அரசாங்கம் சோதித்தபோது 22 கம்பெனிகளின் பவுடரில் மெலமைன் இருந்தது. சான்லுவில் அதிகபட்சம் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம். சான்லுவுக்கு அரசின் 'பரிசோதனை விலக்கு' முத்திரை வேறு இருந்தது. அதாவது ரொம்ப நல்ல கம்பெனி, பார்க்கத் தேவையில்லை! 2009 நவம்பரில் இரண்டு பேரைத் தூக்கில் போடாத குறையாக அல்ல, நிஜமாகவே மரண தண்டனை நிறைவேற்றினார்கள்.

அதே செப்டம்பரில் இந்தியா சீனப் பால் பொருட்களுக்குத் தடை போட்டது. திரும்பத் திரும்ப நீட்டித்து, 2019-ல் துறைமுக ஆய்வுக்கூடங்கள் மெலமைனைச் சோதிக்கும் வசதி பெறும்வரை என்று நீட்டித்தார்கள். நம்ம ஊர் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், லாக்டோமீட்டரை ஏமாற்ற யூரியா போடுகிற வித்தை இங்கே பழசு. அதுவும் நைட்ரஜன்தான்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 2008 அக்டோபரில் சீனா வெளியிட்ட அரசுத் தர முறையில் மூன்று வழிகள் இருந்தன. சாதாரண திரவக் குரோமட்டோகிராஃபி கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை காட்டும். வாயுக் குரோமட்டோகிராஃபியோடு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சேர்ந்தால் 0.05. திரவமும் இரட்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் சேர்ந்தால் 0.01, அதாவது பத்து கோடியில் ஒரு பங்கு.

மூன்றாவதுதான் அழகு. பவுடரைக் கரைத்து, ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஊற்றினால் பால் திரியும். திரிந்த புரதத்தை ஒதுக்கிவிட்டு, தெளிந்த நீரை ஒரு சின்ன வடிகுழாயில் விட்டால் மெலமைன் அதில் ஒட்டிக்கொள்ளும், பாலின் மற்ற சரக்கில் பெரும்பகுதி கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு குரோமட்டோகிராஃபிக் குழாய். அதிலிருந்து வருகிறவற்றுக்கு மின்னூட்டம் ஏற்றி, எடை 127 உள்ளதை மட்டும் முதல் வாசல் உள்ளே விடும். உள்ளே வந்ததை மோதி உடைப்பார்கள். மெலமைனாக இருந்தால் 85, 68 என்று இரண்டு துண்டு விழும், அதுவும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில். கனமான கார்பனோ நைட்ரஜனோ வைத்துச் செய்த மெலமைனைத் தெரிந்த அளவு முதலிலேயே கலந்து வைப்பார்கள். வழியில் கொஞ்சம் தொலைந்தால் இரண்டும் ஒரே மாதிரி தொலையும், விகிதம் மாறாது. கூடவே அனுப்பிய இரட்டைப் பிள்ளையை வைத்து இவன் கணக்கைச் சொல்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடிவதால் வேறொரு தலைவலி வந்தது. 'சுத்தமாக இருக்கக் கூடாது' என்று சட்டம் போட முடியாது. மெலமைன் பாத்திரத்தில் சூடான புளிப்பான பதார்த்தம் ஊற்றினால் ஒரு துளி இறங்கும். சைரோமசின் என்ற பூச்சிமருந்தும் செடியில் மெலமைனாக மாறும். அதனால் 2010-ல் கோடெக்ஸ் அமைப்பு குழந்தைப் பவுடருக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மற்ற உணவுக்கு 2.5 என்று எல்லை வைத்தது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. மேலே சொன்னேனே, அமிலம் ஊற்றிப் பாலைத் திரிய வைக்கிற படி? அது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்காரன் கண்டுபிடித்தது இல்லை. பால் வேதியியலில் பல பத்தாண்டுகளாக இருக்கிற வேலை. முதலில் திரிய வைத்து, வடிகட்டி, அந்தத் திரிந்ததை மட்டும் கெல்டால் குடுவையில் போட்டால் வருவது நிஜப் புரதம். மெலமைனும் யூரியாவும் தண்ணியோடு போய்விடும். அமெரிக்காவில் பால் விலையை 2000-லேயே இந்த நிஜப் புரதக் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். கோடி ரூபாய் மெஷின் வேண்டாம். ஒரு குடுவை, ஒரு வடிதாள், கொஞ்சம் நேரம்.

மெஷினும் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். 127-ஐப் பார் என்றால் 127-ஐத்தான் பார்க்கும். பக்கத்தில் 85 எடையில் வேறொன்று நடந்து போனால் அதற்குக் கவலையில்லை. 2013 ஜனவரியில் நியூசிலாந்துப் பால் பவுடரில் டைசயன்டையமைடு என்ற பொருளின் சுவடு கிடைத்தது என்று செய்தி வந்தது. கலப்படம் இல்லை, உரத்தின் நைட்ரஜன் மண்ணிலிருந்து வீணாகாமல் இருக்கப் புல்வெளியில் தூவியது மாடு வழியாக வந்திருந்தது. அளவும் பயப்படும்படி இல்லை, விற்பனையை மட்டும் நிறுத்தினார்கள். அதில் எத்தனை சதவீதம் நைட்ரஜன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே 66.6.