குடவோலையும் ஏரி வாரியமும்

உத்தரமேரூர் என்றவுடன் குடவோலை நினைவுக்கு வருவது இயல்பு. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் பேசிப் பழகிவிட்டோம். ஆயின், அவ்வோலை வழியே தெரிவானவர்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று வினவுவோர் சிலரே. வகுப்பறையில் நானும் பல்லாண்டுகள் அவ்வினாவைக் கடந்தே சென்றிருக்கிறேன்.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் செய்த இரு ஏற்பாடுகள் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஒன்றை எடுப்பித்தனர். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்துவிடலாகாது என்னும் எச்சரிக்கை போலும்!

இவ்வாறு வந்த முப்பதின்மரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். சம்வத்சர வாரியத்திற்குரியோர் யார்? கல்வியிலும் வயதிலும் மூத்தோரும், முன்பே தோட்டத்தையும் ஏரியையும் பார்த்தவர்களும். ஏரிக்கரையில் வெயில் காய்ந்த பழக்கம் ஒரு தகுதியாக மதிக்கப்பட்டது என்பதே இதில் என்னைக் கவர்ந்த செய்தி. அவ்வூர் ஏரியின் பெயர் வைரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மன் காலத்திலேயே, அதனைத் தூர் வாருவதற்கெனப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் பணி நடத்தும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. மழைக்காலந்தோறும் வண்டல் வந்து படியும் ஏரிக்கு ஒருமுறைக் கொடை போதாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இவற்றையெல்லாம் சொல்லி மகிழும்போதே மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது பிரமதேய ஊர். இறை செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை இருந்தாலன்றிக் குடத்துள் பெயர் புகாது. வண்டலை வெட்டிச் சுமந்தவர்களுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை, பெண்டிர்க்கும் இல்லை. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்னும் விதி வர 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் அது சரிபாதியானது 2016இல்.

எனினும், தம்முள்ளே ஒருவரையொருவர் அவர்கள் எளிதில் நம்பிவிடவில்லை. வாரியப் பதவி 360 நாள். மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவர் மீண்டும் வரலாகாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்திலிடப்படாது. அவர் மட்டுமா? தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பேரன்னை மக்கள் என அவர் சுற்றம் முழுவதையும் விலக்கி 921ஆம் ஆண்டு ஏற்பாடு நீண்டுசெல்கிறது. நம் மன்றத்தில் வரவு செலவு வாசிக்கும் நாளில் இப்பட்டியல் என் நினைவுக்கு வருவதுண்டு, பொருளாளர் பொறுத்தருள்க.

கணக்கனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். அவனுக்காக வேறொரு கணக்கன் புகுந்து ஒப்புவித்தல் கூடாது. காட்டித் தூயவன் எனத் தெளிந்த பின்னரே அவன் மறு கணக்கில் கைவைக்கலாம்.