மனைவி, தாய், ஸ்தாபகர்: ஹரியற் வின்ஸ்லோ அம்மையார்

எமது கல்லூரியின் வரலாற்றைக் கூறும் எந்த உரையும் 1824 என்ற ஆண்டுடன்தான் தொடங்கும். பரிசளிப்பு விழாக்களிலும் ஸ்தாபகர் தின ஆராதனைகளிலும் கேட்டுக் கேட்டு அந்த ஆண்டு எம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அந்த ஆண்டுக்குரிய பெண்மணியைப் பற்றி எம்மிற் பலர் அறிந்திருப்பது ஒரேயொரு வரிதான்: அவர் வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவி. பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், அந்த ஒரு வரியைச் சற்று விரித்து எழுதுவது எம் கடன் என எண்ணுகின்றோம்.

ஹரியற் லாத்ரொப் 1796ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலுள்ள நோர்விச் என்ற ஊரில், வசதியும் பக்தியும் நிறைந்த குடும்பமொன்றிற் பிறந்தார். சிறுவயதிலேயே திருச்சபையின் முழு அங்கத்தவரானார். இளம் பெண்ணாக இருந்தபோதே ஊரிலுள்ள பிள்ளைகளைச் சேர்த்து ஓய்வுநாட் பாடசாலை நடத்தினார். பின்னாளில் உடுவிலில் அவர் செய்த வேலையின் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1819இன் தொடக்கத்தில் மைரன் வின்ஸ்லோவை மணந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து 'இன்டஸ்' என்ற பாய்க்கப்பலில் இருவரும் புறப்பட்டனர். ஸ்போல்டிங், வூட்வேட், மருத்துவர் ஸ்கடர் ஆகியோரும் தத்தம் மனைவியருடன் அதே கப்பலிற் பயணஞ் செய்தனர். கல்கத்தா வழியாக இலங்கை வந்து சேர்ந்த வின்ஸ்லோ தம்பதியர் 1820இல் உடுவிலில் குடியேறினர். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால்வைத்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

மிஷன் சங்கத்தின் ஏடுகளில் ஆண்கள் 'மிஷனரிமார்'. அவர்களுடைய மனைவியரோ 'உதவி மிஷனரிமார்'. புதிதாக அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கு இலங்கையின் ஆங்கிலேய அரசாங்கம் 1820களில் இடமளிக்கவில்லை. இதனால் வேலை செய்யும் கைகள் மிகச் சிலவாகவே இருந்தன. தமிழ் கற்பது, நோயாளரைப் பார்ப்பது, விருந்தினரை உபசரிப்பது, வீட்டை நடத்துவது, பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது என்று 'உதவி' என்ற சொல்லுக்குள் அடங்காத பாரம் மனைவியரின் தோளில் விழுந்தது.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளைகள் திண்ணைப் பள்ளிக்குப் போனார்கள், ஏடு வாசித்தார்கள். பெண்பிள்ளை எழுத்தறிவது குடும்பத்துக்கு ஆகாது என்றும், அது கோயிலில் ஆடும் பெண்களுக்குரியது என்றும் கருதப்பட்டது. கற்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயமும் பெற்றோருக்கு இருந்தது. இந்தச் சூழலில் ஒரு பெண்பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரித்து, வேற்றார் கூரையின்கீழ் தங்கவைத்துப் படிப்பிப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

அந்தக் காரியம் எவ்வாறு கைகூடியது என்பது பற்றி எமது கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகின்றது. அம்மையாரின் விறாந்தையில் தையலும் எழுத்தும் பழக வந்துபோன இரண்டு சிறுமிகள் ஒரு மாலை பெருமழையில் அகப்பட்டுக்கொண்டார்களாம். இருட்டிவிட்டதால் வீடு திரும்ப முடியவில்லை. அம்மையார் அவர்களுக்கு உணவு கொடுத்து உறங்க இடமும் கொடுத்தாராம். மறுநாள் பிள்ளையைத் தேடி வந்த தகப்பன், இனி இவள் இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுச் சென்றாராம். கதையின் நுணுக்கங்கள் சொல்பவருக்கேற்ப மாறுபடும். ஆனால் ஒன்று மாறுவதில்லை: எமது விடுதியின் முதற் கதவு ஒரு வீட்டின் கதவாகவே இருந்தது, அதைத் திறந்தது ஒரு தாயின் கை.

1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலை ஒழுங்காகத் தொடங்கிற்று. ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று இது போற்றப்படுகின்றது. பிள்ளைகளின் உணவு, உடை, படிப்பு எல்லாவற்றையும் மிஷன் ஏற்றுக்கொண்டது. படிப்பு முடியும்வரை பிள்ளையை விடுதியில் விட்டுவைக்கப் பெற்றோர் உடன்பட வேண்டும். படிப்பை முடித்து மணம் செய்யும் பெண்ணுக்குச் சிறு சீதனமும் கொடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மனத்தை நன்கறிந்தே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. சீதனம் கொடுத்துப் பெண்ணைப் படிக்கவைத்த பாடசாலை என்று இன்று நாம் சிரிக்கலாம். அன்று அது இல்லாமல் ஒரு பிள்ளைகூட நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

உண்மையை மறைத்து எழுதுவதும் முறையல்ல. பாடசாலையின் முதல் நோக்கம் எம்மை ஆசிரியைகளாகவோ வைத்தியர்களாகவோ ஆக்குவதன்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்து வெளியேறும் இளைஞருக்கு ஏற்ற கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவதும், கிறிஸ்தவ இல்லங்களை அமைப்பதுமே நோக்கம். பல சிறுமிகள் பெற்றோர் இட்ட பெயரை விட்டு, அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய கொடையாளர்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். எங்கள் குடும்பங்களின் பழைய பெயர்ப் பட்டியல்களில் அந்த அந்நியப் பெயர்கள் இன்றும் உண்டு. பெற்றதை நன்றியோடு சொல்லும்போது, அதற்குக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு.

ஆயினும் நோக்கம் ஒன்றாக இருக்க, விளைவு வேறாயிற்று. மணமகன்மாருக்காக நடத்தப்பட்ட செமினரி 1855இல் மூடப்பட்டது. அவர்களுக்கு மனைவியரை ஆயத்தஞ் செய்யத் தொடங்கிய பாடசாலையோ இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றது. வாசிக்கத் தெரிந்த தாய் தன் மகளை வாசிக்கத் தெரியாதவளாக வளர்க்கவில்லை. 1896இல் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியும், 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய கல்லூரியும் தோன்றியபோது, பெண்கல்வி யாழ்ப்பாணத்துக்கு விபரீதமான ஒன்றாக இருக்கவில்லை.

பிறருடைய மகள்மாருக்குத் தாயாக இருந்த அம்மையார் தம் சொந்தப் பிள்ளைகள் விடயத்தில் பட்ட துயரம் பெரிது. பிள்ளைகளிற் சிலரை மழலைப் பருவத்திலேயே இழந்தார். மூத்த மகன் சாள்ஸ் 1821இல் பிறந்தவன். அக்கால மிஷனரிக் குடும்பங்களின் வழக்கப்படி அவனைக் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். 1832இல், பதினொரு வயதில், நியூயோர்க் நகரில் அவன் நோயுற்று இறந்தான். தாய் அவன் அருகில் இல்லை, இருக்கவும் முடியாது. கடிதமொன்று கடல் கடக்க மாதக்கணக்கு எடுத்த காலம் அது.

மகன் மறைந்து ஓராண்டு நிரம்புமுன், 1833ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் உடுவிலிற் காலமானார். வயது முப்பத்தாறு. இம்மண்ணில் வாழ்ந்தது ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள். பாடசாலையை நடத்தியது ஒன்பது ஆண்டுகளுக்கும் குறைவு.

இந்தப் பகுதியை எழுதும்போது, உலகெங்கும் வாழும் எம் சகோதரிகளை நினையாதிருக்க முடியவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தாய்மார் எத்தனை பேர், மீசை அரும்பாத மகனைக் கொழும்புக்கும் அங்கிருந்து முன்பின் தெரியாத தேசங்களுக்கும் அனுப்பிவிட்டு, கடிதம் வரும்வரை உறங்காமல் இருந்தார்கள்! அம்மையார் பிள்ளையை அனுப்பியது படிப்புக்காக. எங்கள் தாய்மார் அனுப்பியது உயிருக்காக. காரணம் வேறு, வயிற்றின் எரிவு ஒன்றே. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்கு அப்பாலிருந்து அவரை எமக்குக் கிட்டக் கொண்டுவருவது, அவர் நிறுவிய பாடசாலையைவிட இந்தத் துயரந்தானோ என்னவோ.

அவருக்குப் பின் மைரன் வின்ஸ்லோ சென்னைக்குச் சென்று பணியாற்றினார். 1862இல் 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டார். அகராதியால் அவர் பெயர் தமிழுலகில் நிலைத்தது. அம்மையாரின் தங்கைமார் மூவரும் மிஷனரிமாரின் மனைவியராய் இப்பகுதிகளுக்கு ஊழியஞ் செய்ய வந்தனர். உடுவிலிற் பிறந்த மகள் ஹரியற்றின் வழிவந்த பேரப்பிள்ளைகளான ஜோன் பொஸ்ரர் டலஸ், அலன் டலஸ் ஆகிய இருவரும் அமெரிக்க அரசில் உயர்பதவிகள் வகித்தனர்.

உடுவிற் பாடசாலையை ஸ்போல்டிங் தம்பதியர் பொறுப்பேற்றனர். 1840இல் எலைசா அக்னியூ அம்மையார் வந்தார். 1879வரை அவரே பாடசாலையை நடத்தினார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் கற்றனர். திருமணமே செய்யாத அவரை 'ஆயிரம் புத்திரிகளின் தாய்' என்று ஊர் அழைத்தது. மனைவியாகவும் தாயாகவும் இருந்த ஒருவர் விதைத்ததை, மனைவியாகாமலே தாயான இன்னொருவர் நீரூற்றி வளர்த்தார்.

ஆகவே, 'வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவி' என்ற அந்த வரியை நாம் அழிக்க விரும்பவில்லை. அவரும் அதை அழிக்க விரும்பியிருக்கமாட்டார். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரியை எழுதவே விரும்புகின்றோம்: எமது பாடசாலையின் ஸ்தாபகர். இம்மலரை வாசிக்கும் சகோதரிகள் தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உடுவிலைப் பற்றிச் சொல்லும்போது, ஆண்டை மட்டும் சொல்லாமல், ஹரியற் என்ற அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.